மாயாவுக்காக வாதாடும் படம்

ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கிய 'மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.' என்ற ஆவணப்படம் 2018 சனவரியில் சன்டான்ஸ் விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. உலக ஆவணப்படப் பிரிவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதும் பெற்றது. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து அகதியாக இலண்டன் திரும்பிய ஒரு தமிழ்ப் பெண் உலக வெகுசன இசையின் உச்சிவரை போனதையும், அங்கே வாய் திறந்ததற்காக அடிபட்டதையும் சொல்லும் படம் இது. தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பெருமிதத்தோடு எழுதினார்கள். அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் பெருமிதம் விமர்சனம் ஆகிவிடாது. படம் எதைச் சாதித்தது, எதைத் தவறவிட்டது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

மாயா என்றும் மேடையில் எம்.ஐ.ஏ. என்றும் அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணம் திரும்பியது. அப்பா அருளர், ஈழப் புரட்சி அமைப்பான ஈரோஸின் நிறுவனர்களில் ஒருவர். வீட்டில் இருந்த நாள்கள் குறைவு. இடையில் சில காலம் சென்னை, மறுபடி யாழ்ப்பாணம். 1986இல் அம்மா கலா மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இலண்டனுக்கே அகதியாகப் போனார். தெற்கு இலண்டனில் மிச்சம் பகுதியின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த மாயா, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். பாட்டு அதற்குப் பிறகு வந்தது. 2005இல் வந்த முதல் இசைத்தொகுப்புக்கு அப்பாவின் பெயரையும், 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயரையும் வைத்தார்.

அவர் திரைப்படம் படித்தவர் என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். லவ்ரிட்ஜ் அவருடைய கல்லூரித் தோழர். மாயா இளம் வயதிலிருந்தே தானும் தன்னைச் சுற்றியிருந்தவர்களும் எடுத்துக் குவித்த 700 மணி நேரத்துக்கும் மேலான வீடியோப் பதிவுகளை அவரிடம் ஒப்படைத்தார். நடுவில் 2013இல், இசை நிறுவனத்தின் இழுத்தடிப்பில் வெறுத்துப்போன லவ்ரிட்ஜ், முன்னோட்டத்தைத் தானே இணையத்தில் போட்டுவிட்டு வேலையை விட்டு விலகினார். பிறகு திரும்பி வந்து முடித்தார். மாயா முழுப் படத்தையும் பார்த்தது சன்டான்ஸ் திரையிடலில்தான், தனக்கு அது உவப்பாக இல்லை என்பதை அவர் மறைக்கவும் இல்லை. ஆகவே இது நட்சத்திரம் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட விளம்பரப் படம் என்ற குற்றச்சாட்டு நிற்காது. அதே சமயம், வெளியாள் ஒருவரின் விலகிய பார்வையும் இது இல்லை. நண்பன் எடுத்த படம். நண்பனுக்கே உரிய பலமும் பலவீனமும் இதில் உண்டு.

பலத்தை முதலில் சொல்கிறேன். 2001இல் மாயா யாழ்ப்பாணம் போய் எடுத்த பதிவுகள்தான் இந்தப் படத்தின் உயிர். போருக்குள் வாழ்ந்துகொண்டிருந்த தன் உறவினர்களையும், தன் வயதுத் தமிழ் இளைஞர்களையும் வைத்து ஓர் ஆவணப்படம் எடுக்கப் போனார். அந்தப் படம் முடியவேயில்லை. கைக்குள் அடங்கும் காமிரா, ஆடும் சட்டகம், வெளிச்சம் போதாத அறைகள், காணாமல் போனவர்களைப் பற்றிச் சொல்லும்போது தானாகத் தணிந்துவிடும் குரல்கள். யாழ்ப்பாணத் தமிழ் காதில் விழும்போது கீழே ஓடும் ஆங்கில வரிகள் நமக்குத் தேவைப்படவில்லை; அதனாலேயே வேற்றுமொழிப் பார்வையாளருக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது. பேசுகிறவர்கள் எந்த இடத்தில் வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறார்கள் என்பது நமக்குக் கேட்கிறது. காமிராவுக்குப் பின்னால் நிற்கும் இளம்பெண் உறவுக்காரியாகவும் அந்நியராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார். அங்கேயே இருந்திருந்தால் தன் கதி என்னவாகியிருக்கும் என்ற கேள்வியை அவர் கேட்காமலே கேட்கிறார். தப்பித்தவரின் குற்றவுணர்வை இவ்வளவு நேரடியாகக் காட்டிய வேறொரு புலம்பெயர்ந்த தமிழரின் படைப்பை நான் பார்த்ததில்லை.

அப்பாவைப் பற்றிய பகுதிகளும் அப்படியே. விடுதலைக்காகப் போன மனிதன் வீட்டுக்கு என்ன விட்டுவிட்டுப் போனான் என்று அவன் பிள்ளைகளே பேசிக்கொள்கிறார்கள். அதில் மரியாதையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஒன்று மற்றதை விழுங்கவில்லை. போராளிகளின் குடும்பங்களைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படுவது தியாகம் மட்டும்தான். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த கலாவின் முகம் அந்தப் பேச்சுக்குள் வருவதில்லை. இங்கே வருகிறது.

இந்தப் பகுதிகள் எல்லாவற்றிலும் காமிரா மாயாவிடமோ அவர் வீட்டாரிடமோ இருக்கிறது. அவர் புகழ்பெற்ற பிறகு காமிரா கைமாறுகிறது. படத்தின் தன்மையும் மாறிவிடுகிறது. படமெடுக்கும்போது கேள்வி கேட்கிறவராக இருந்தவர், படம் அவரைப் பற்றியதாக ஆனதும் பதில் சொல்லக் கூண்டில் நிறுத்தப்பட்டவராகிறார். லவ்ரிட்ஜ் அவருடைய வழக்கறிஞராகிறார். இரண்டாம் பாதி முழுக்க ஒரு வழக்கு விசாரணைதான்.

அந்த வழக்கில் ஒரு பகுதி நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2009இன் தொடக்கத்தில் வன்னியில் மக்கள் சுற்றி வளைக்கப்பட்டுக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தபோது, அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்த ஒரே தமிழ் முகம் ஏறக்குறைய அவர்தான். அந்தப் பிப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி மேடையில் பாடினார், ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றிருந்தார். பேட்டி எடுத்தவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. வன்னி மட்டும் தெரியவில்லை. அமெரிக்க நகைச்சுவையாளர் பில் மாஹரின் நிகழ்ச்சியில் அவர் பேசுவது எப்படி வேடிக்கையாக்கப்படுகிறது என்பதைப் பார்க்கும்போது உடம்பு கூசுகிறது. அதே ஆண்டு சனவரி 29ஆம் நாள் சென்னை சாஸ்திரி பவன் முன்னால் ஈழப் படுகொலையைக் கண்டித்து முத்துக்குமார் தீக்குளித்து இறந்தார். அந்தச் செய்தி அந்தத் தொலைக்காட்சி அரங்குகளை எட்டியிருக்காது. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, 40,000 பொதுமக்கள்வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. அவர் மிகைப்படுத்துகிறார் என்று சிரித்தவர்களுக்கு அதுவே பதில். இந்தப் பகுதியில் லவ்ரிட்ஜ் குரல் உயர்த்தாமல் பழைய காட்சிகளை வரிசையாக வைத்தே வழக்கை வென்றுவிடுகிறார்.

அடுத்த வழக்கில் வெற்றி அவ்வளவு சுத்தமாக இல்லை. 2010 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் மாயாவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். விலையுயர்ந்த காளான் மணக்கும் உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே தான் வெளியாளாக இருக்க விரும்புவதாக மாயா பேசினார் என்பது அதில் வந்த காட்சி. புரட்சி பேசுகிறவர் பெரும்பணக்காரக் குடும்பத்து வாரிசைக் காதலித்துக்கொண்டு, சொகுசாக வாழ்கிறார் என்பது கட்டுரையின் உட்கருத்து. மாயா தன்னிடமிருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். வறுவலை வரவழைத்தது கட்டுரையாளர்தான் என்று தெரிந்தது. மேற்கோள்களைக் கோத்த விதம் பற்றி அந்த இதழ் பிறகு திருத்தக் குறிப்பும் போட்டது. கட்டுரையாளர் செய்தது தவறு. ஆனால் வறுவலை யார் வரவழைத்தார் என்பது தீர்ந்ததும் எல்லாமே தீர்ந்துவிட்டதாகப் படம் நகர்ந்துவிடுகிறது. ஏழைகளின், அகதிகளின் படிமங்களை எடுத்துப் பாட்டாக்கி, அதைப் பெருநிறுவனங்கள் வழியாக விற்கும் கலைஞருக்கு அந்த மக்களோடு என்ன உறவு என்பது தீய எண்ணத்தோடு கேட்கப்பட்டாலும் நல்ல கேள்வி. மாயா அதற்குப் பதில் வைத்திருந்தார் என்றே நம்புகிறேன். 2001ஆம் ஆண்டுப் பதிவுகளே பாதிப் பதில். நண்பர் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கிவிட்டார்.

2012இல் சூப்பர் பவுல் இடைவேளை நிகழ்ச்சியில் மடோனாவோடு மேடையேறிய மாயா காமிராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியதும், அதற்காக அமெரிக்கக் கால்பந்து அமைப்பு ஒரு கோடிக்கும் மேலான டாலர் கேட்டு அவர்மேல் வழக்குத் தொடுத்ததும் தெரிந்த கதை. படம் இதற்குக் கொடுக்கும் நேரம் அதிகம், கிடைக்கும் விளக்கம் குறைவு. தொகை அபத்தமானது, சைகையும் பெரிய அரசியல் இல்லை. அவ்வளவுதான்.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். தேன்கனிக்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் இந்தப் படத்தைச் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். பெரும்பாலும் ஓசூர் சிப்காட்டிலும் உத்தனப்பள்ளிப் பக்கத்துப் புதிய கைப்பேசி உதிரிபாக ஆலையிலும் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர்கள். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். "அண்ணா, இவங்க பாட்டு எப்பதான் வரும்?" என்று ஒரு பெண் கேட்டார். சரியான கேள்வி. படம் முடியும்வரை பாட்டுகள் துண்டுதுண்டாகத்தான் வருகின்றன. ஒரு பாட்டு எப்படிப் பிறந்தது, எதிலிருந்து எதை எடுத்தார், எங்கே வெட்டினார், ஏன் அது அதுவரை கேட்டிராத ஓசையாக இருந்தது என்று உட்கார்ந்து கேட்க வைக்கும் பகுதி இல்லை. அப்படியொரு பகுதி இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் புரிந்திருக்கும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் பேசப்பட்டு, விடுதி அறைகளில் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்ட இந்த எல்லைப்புறத்தில், ஒரு கைப்பேசியில் நான்கு மொழிப் பாட்டு ஓடுவது யாருக்கும் புதிதில்லை. மாயாவின் இசை அப்படிப்பட்ட காதுகளுக்கானது.

இரண்டாவது தொகுப்பான 'கலா'வின் முதல் பாட்டான 'பாம்பூ பங்கா'வையே எடுத்துக்கொள்வோம். மாடர்ன் லவ்வர்ஸ் குழுவின் பங்க் இசைக்கு முன்னோடியான 'ரோட்ரன்னர்' என்ற பாட்டின் சாயலில் தொடங்குகிறது. அதன் அடியில் இளையராஜா ஓடுகிறார்: 'தளபதி' படத்தின் 'காட்டுக்குயிலு'. ரஜினியும் மம்மூட்டியும் தோள்மேல் கைபோட்டு ஆடிய கொண்டாட்டம், பாஸ்டன் புறநகரில் ஒரு வெள்ளைக்காரப் பையன் இரவில் கார் ஓட்டிப் போன பரவசத்தோடு மோதுகிறது. இரண்டும் கலந்து இனிமையாகிவிடுவதில்லை. உராய்கின்றன. அந்த உராய்வின்மேல் மாயா அலட்டிக்கொள்ளாத, ஏறக்குறைய பேச்சு மாதிரியான குரலில் பாடுகிறார். அதே தொகுப்பின் 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமி அதிர்கிறது. இங்கே மாரியம்மன் திருவிழாவில் பம்பையோடும் தமட்டையோடும் கேட்கிற அதே அதிர்வு. ஆனால் நம் திரையிசை அதை எப்போதும் சாமியாட்டத்துக்கோ சாவு வீட்டுக்கோ என ஒதுக்கியே வைத்திருந்தது. இலண்டன் நடன அரங்கில் மையத் தாளமாக அதை நிறுத்த முடியும் என்று காட்டியது இந்தத் தொகுப்பு. 'பேப்பர் பிளேன்ஸ்' இன்னும் நுட்பமானது. பங்கையும் ரெகேவையும் இணைத்த இங்கிலாந்துக் குழுவான தி கிளாஷ் 1982இல் குடியேறிகளைப் பற்றிப் பாடிய 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் இசைத்துணுக்கை எடுத்து, குடியேறி ஒருத்தியே பாடுகிற பாட்டாக மாற்றினார். கிளாஷ் பரிவோடு வெளியிலிருந்து பார்த்த ஆள், இங்கே உள்ளிருந்து எள்ளலோடு பேசுகிறார். அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை போன பாட்டு அது. இதில் எதையும் படம் விளக்கவில்லை.

பாட்டைக் கேட்கத்தான் தொகுப்புகள் இருக்கின்றனவே, படம் வாழ்க்கையைத்தானே சொல்ல வேண்டும் என்று சிலர் சொல்லலாம். வேறு பாடகிக்கு அந்த வாதம் பொருந்தும். மாயாவுக்குப் பொருந்தாது. 2007இலேயே அவர் கசப்போடு பேசிய ஒரு விஷயம் உண்டு. தன் இசையை உருவாக்கியவர் டிப்லோ என்ற ஆண் தயாரிப்பாளர்தான் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, பெண்ணின் உழைப்பு ஆணின் கணக்கில் போகிறது என்றார். 'கலா'வின் பெரும்பகுதியை மாயாவும் சுவிட்ச் என்ற தயாரிப்பாளரும் சேர்ந்து உருவாக்கினார்கள். அமெரிக்க விசாச் சிக்கலால் இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா என்று அலைந்து பதிவு செய்தார்கள். வறுவல் யார் வாங்கியது என்பதற்கு இவ்வளவு நேரம் ஒதுக்கிய வழக்கறிஞர், இசை யாருடையது என்ற பெரிய வழக்கைக் கையில் எடுக்கவே இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் முடிவெடுப்பதைப் பத்து நிமிடம் தொடர்ந்து காட்டியிருந்தால் போதும்.

அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்த முடியாது. உறுமி அடித்தவர்கள் யார்? அவர்களுக்கும் கைகளும் பெயர்களும் உண்டு. தன் பெயர் மறைக்கப்பட்டதாக வருந்திய கலைஞரின் படத்திலாவது அந்தப் பெயர்கள் பேசப்பட வேண்டும் என்று எதிர்பார்த்தது தவறா? நமக்கு இது தூரத்துப் பிரச்சினை இல்லை. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி'யை உலகமே பாடியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் பாடகி தீயும், புலம்பெயர்ந்த ஈழத்தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அந்தப் பாட்டை எழுதிப் பாடிய தலித் கலைஞர் அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமலேயே அரங்கேறியபோது பிரச்சினை மறுபடி வெடித்தது. யாருடைய பாட்டு என்ற கேள்வி தமிழ் இசையில் சாதியோடும் பாலினத்தோடும் பின்னிக் கிடக்கிறது. மாயாவைப் பற்றிய படம் அதைத் தொட்டிருந்தால், அது தமிழர்களுக்கும் மிகத் தேவையான படமாகியிருக்கும்.

நண்பர்கள் எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று விதி எதுவும் இல்லை. தி கிளாஷ் குழுவைப் பற்றி அவர்களுடைய நெருங்கிய கூட்டாளியான டான் லெட்ஸ் 'வெஸ்ட்வே டு தி வேர்ல்ட்' என்ற ஆவணப்படம் எடுத்தார். போதைப் பழக்கத்தால் 1982இல் நீக்கப்பட்ட டிரம்மர் டாப்பர் ஹெடன் அதில் காமிரா முன்னால் தன் தோழர்களிடம் மன்னிப்புக் கேட்கிறார். குழுவைக் கலைத்தது தவறு என்பதை ஜோ ஸ்ட்ரம்மர் ஒப்புக்கொள்கிறார். லெட்ஸ் தன் தோழர்கள் தோற்ற இடத்தைக் காட்டியதால் அவர்கள் மீதான மதிப்பு குறையவில்லை, கூடியது. பங்க், ரெகே இரண்டையும் ஒரே மேடையில் வைத்த வாஷிங்டன் கறுப்பினக் குழுவான பேட் பிரெயின்ஸ் பற்றி 2012இல் வந்த படமும் உறுப்பினர்களின் சண்டைகளை மூடி மறைக்கவில்லை. லவ்ரிட்ஜிடம் அந்தத் துணிச்சல் முதல் பாதியில் இருக்கிறது. மாயா பிரபலமானதும் காணாமல் போகிறது.

ஈழ அரசியலைப் படம் கையாளும் முறையிலும் எனக்குக் குறை உண்டு. மேலைநாட்டுப் பத்திரிகைகள் அருளரைப் புலி என்றே எழுதின. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பதைப் பொறுமையாக விளக்குவது படத்தின் அடிப்படைக் கடமை. அந்த வேறுபாட்டைப் படம் அழுத்தவில்லை. புலி உருவத்தைத் தன் ஓவியங்களில் தாராளமாகப் பயன்படுத்திய கலைஞரிடம், 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது பற்றியும் சிறுவர்கள் படைக்குச் சேர்க்கப்பட்டது பற்றியும் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சிங்களப் பேரினவாதத்துக்கு உதவியாகிவிடும் என்ற அச்சம் நம்மிடையேயும் இருக்கிறது. அது தேவையற்ற அச்சம். வன்னியில் நடந்த படுகொலையின் உண்மை, நம் பக்கத்துத் தவறுகளைப் பேசுவதால் கரைந்துவிடாது.

படம் காட்டாத இன்னொரு பாதையும் உண்டு. மாயாவின் குடும்பத்தைப் போலச் சென்னை வந்து இலண்டன் போக முடிந்தவர்கள் சிலர். வந்த இடத்திலேயே நின்றுவிட்டவர்கள் பல்லாயிரம். கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அவர்களுடைய முகாம்கள் இருக்கின்றன. 2021இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. இதை லவ்ரிட்ஜின் குறையாகச் சொல்ல மாட்டேன், அவர் எடுக்க வந்த படம் அதுவல்ல. அந்தப் படத்தை எடுக்க வேண்டியது தமிழ்நாட்டில் இருக்கும் நாம்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால் என் தீர்ப்பு இதுதான். மாயாவின் நேர்மையைச் சந்தேகித்தவர்களுக்கு எதிராக இந்தப் படம் ஐயத்துக்கு இடமின்றி வெல்கிறது. அவர் வாழ்ந்த வாழ்வுக்கும் பாடிய பாட்டுக்கும் இடையே பொய் இல்லை என்பதை அவருடைய பழைய பதிவுகளே நிறுவிவிடுகின்றன. ஆனால் அவர் ஏன் முக்கியமான இசைக்கலைஞர் என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் பதில் இல்லை. ஒரு நல்லவரின் வழக்காக இது நிறைவு பெறுகிறது. ஒரு கலைஞரின் படமாகப் பாதியில் நின்றுவிடுகிறது. இதன் மிகச் சிறந்த இயக்குநர் லவ்ரிட்ஜ் அல்ல, 2001இல் யாழ்ப்பாணத்தில் கைக்காமிராவோடு நின்ற இருபத்தைந்து வயது மாயாதான்.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் திரையிடல் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தைப் போடுங்கள், கட்டாயம் போடுங்கள். அதற்கு முன்னால் 'கலா' தொகுப்பை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கச் செய்யுங்கள். உறுமி அடிக்கும் கலைஞர் ஒருவரையும் அன்று அழையுங்கள். அழைப்பிதழில் அவர் பெயரையும் போடுங்கள்.